நானூறு என்று சொன்ன அண்ணைக்கு

நீங்கள் பொய் சொன்னீர்கள், அண்ணை. குளிரிலும் நானூறு கிலோமீட்டர் ஓடும், ஹீட்டர் போட்டாலும் நானூறு ஓடும் என்று என் வீட்டுக் கதிரையில் இருந்து, நான் போட்டுத் தந்த தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு சொன்னீர்கள். அது பொய் என்று சொல்லும்போதே உங்களுக்குத் தெரியும்.

எங்கள் சங்கத்து ஒன்றுகூடலில் கொடுக்கிற மலருக்கு ஏதாவது எழுதித் தரச் சொல்லி என்னைக் கேட்டார்கள். மற்றப் பெண்கள் சமையல் குறிப்பு எழுதுவார்கள், பிள்ளை வளர்ப்பு எழுதுவார்கள். எனக்கு அது வராது. என் வீட்டில் நடந்ததை எழுதுகிறேன். ஒருவரின் பெயரும் போடவில்லை. யாரைச் சொல்கிறேன் என்று அவருக்குத் தெரியும். மண்டபத்தில் இருக்கப்போகிற பாதிப் பேருக்கும் தெரியும்.

நான் ஒரு முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில் வேலை செய்கிறேன். பதினெட்டு வருடமாக மற்றவர்களின் படுக்கை விரிப்புத் தோய்க்கிறேன். ஒஸ்லோவின் ரொம்சோஸில், நாலாம் மாடியில் நானும் என் கணவரும் இருக்கிறோம். மகள் வேலை எடுத்துத் தனியாகப் போய்விட்டாள். இவர் ஒஸ்லோவில் இருபத்திரண்டு வருடம் பஸ் ஓட்டியவர். இரண்டு வருடத்துக்கு முன் பாரிசவாதம் வந்து இடது பக்கம் முழுக்க விழுந்தது. கால் கொஞ்சம் திரும்பி வந்தது. கை வரவில்லை. அந்தக் கைக்குச் சூடும் தெரியாது, குளிரும் தெரியாது. கதையும் மெதுவாகத்தான் வரும். ஒரு வசனத்துக்கு மூன்று தடவை நின்று மூச்சு எடுப்பார்.

இவருடைய லைசன்ஸை எடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து ஓட்டுவது நான்.

எங்களிடம் இருந்தது ஒரு சின்ன நீல எலெக்ட்ரிக் கார். எங்கள் தமிழ் ஆட்களிடம்தான் பழையதாக வாங்கினோம். "இருநூறு ஓடும்" என்று சொல்லி விற்றார்கள். குளிரில் தொண்ணூறு ஓடியது. ஊருக்குள் வேலைக்குப் போக, கடைக்குப் போக அது போதும். ஆனால் இவருக்கு ஒரு பயிற்சி நிலையத்தில் இடம் கிடைத்தது. மியோசா ஏரிப் பக்கம், வீட்டிலிருந்து நூற்றுநாற்பது கிலோமீட்டர். அங்கே மூன்று கிழமை தங்கி, கையையும் காலையும் பயிற்றுவிப்பார்கள். வெள்ளிக்கிழமைகளில் வீட்டுக்கு வரலாம். ஆஸ்பத்திரி வண்டியில் வரலாம்தான். ஆனால் அது வழியெல்லாம் ஆள் இறக்கி ஆள் ஏற்றி அரை நாள் எடுக்கும். இடையில் இவருக்குச் சலம் போக வேண்டி வந்தால் முன்பின் தெரியாத ஆட்கள் பிடித்துக் கூட்டிப்போக வேண்டும். இவர் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஆகவே கார் மாற்ற வேண்டும். எந்தக் கார்?

எங்கள் ஆட்களிடம் இதற்கு உண்மையான பதில் எடுக்க முடியாது. முயன்று பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

வாங்க முதல் ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். நாவூறு பட்டுவிடுமாம். கோயிலில் கார் விடும் இடத்தில் ஒரு பெண்ணைக் கண்டேன், பத்து வருடப் பழக்கம்.

"நீங்களும் கார் மாத்தப் போறியளாம், எதைப் பாத்து வைச்சிருக்கிறியள்?" என்று கேட்டேன்.

"ஐயோ அக்கா, நாங்கள் இன்னும் யோசிக்கவேயில்லை. உள்ளதே வடிவா ஓடுது."

அடுத்த வெள்ளிக்கிழமை அதே இடத்தில் அவர்களின் புதுக் கார் நின்றது. நாலு சில்லுக்குக் கீழும் தேசிக்காய், முன்கண்ணாடியில் சந்தனம். அந்தக் காருக்குக் கையெழுத்து வைத்து இரண்டு மாதமாவது காத்திருந்திருப்பார்கள். "யோசிக்கவேயில்லை" என்று அவர் என்னிடம் சொன்ன நேரம் அது கப்பலில் வந்துகொண்டிருந்திருக்கும்.

பூசை முடிந்தபிறகு பிடிக்க முடியாது. அப்போது வாய் மூடாது. பிள்ளையின் புள்ளி மாதிரித்தான். இங்கே ஆறுதான் ஆகக்கூடிய புள்ளி; ஒரு பாடத்தில் ஆறு எடுத்த பிள்ளையின் தாய் அந்த ஆறை மட்டும் ஊரெல்லாம் சொல்வார், மற்றப் பாடங்களின் மூன்று மேசை இலாச்சிக்குள் போய்விடும். யூலை மாதத்தில், ஒரு இறக்கத்தில், ஆள் தனியாகப் போன ஒரு நாளில் திரையில் என்ன எண் காட்டியதோ அதுதான் அந்தக் காரின் எண். "சனவரியில எப்பிடி?" என்று கேட்டால் "பரவாயில்லை" என்பார்கள். பரவாயில்லை என்றால் எத்தனை கிலோமீட்டர் என்று எனக்கு இன்றுவரை ஒருவரும் சொல்லவில்லை.

இன்னொன்று. கேட்பது நான், பதில் போவது இவருக்கு. "அப்ப அண்ணை, இது பின்சில்லு இழுவை, விளங்குதுதானே?" என்று இவரைப் பார்த்துக் கதைப்பார்கள். ஓட்டப்போவது நான். லைசன்ஸ் என் கைப்பையில் இருக்கிறது.

மகளைக் கூட்டிக்கொண்டு ஸ்ட்ரோம்மனில் ஒரு விற்பனை நிலையத்துக்குப் போனேன். இருபத்தைந்து வயதுப் பொடியன் ஒருவன் வந்தான். பூச்சியத்துக்குக் கீழே இருபது பாகைக் குளிரில், ஹீட்டர் போட்டு, இரண்டு பேரோடு, பெருந்தெருவில் இது எவ்வளவு ஓடும் என்று எனக்குத் தெரிந்த நொஸ்க் மொழியில் கேட்டேன். அவன் தோளைக் குலுக்கி, அது பல விஷயத்தைப் பொறுத்தது என்றான். காற்று, பனி, வேகம், ஏற்றம் என்று விரல் மடித்தான்.

"பார், இவனும் மழுப்புறான்," என்றேன் மகளிடம் தமிழில்.

"அம்மா, அவன் உண்மையைத்தான் சொல்லுறான். ஒரே ஒரு நம்பர் கேட்டா ஆர் சொல்லுறது?"

"அண்ணை சொன்னவர். நானூறு எண்டு."

"அந்த மாமா எல்லாருக்கும் அந்தக் காரைத்தான் சொல்லுறார். ப்ரொவிஷோன் குடுக்கினமோ தெரியேல்லை."

ப்ரொவிஷோன் என்றால் கழிவு, ஆள் பிடித்துக் கொடுத்ததற்குக் கடை கொடுக்கிற காசு. எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. இப்போது இல்லை. கழிவுக்காகச் சொல்லியிருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திராது, ஒரு வியாபாரி என்று விட்டிருப்பேன். நீங்கள் சும்மா சொன்னீர்கள், அண்ணை. வெறும் வாய்க்குச் சொன்னீர்கள்.

இவரும் அண்ணையும் நோர்வேக்கு வந்த புதிதில் வடக்கே ஒரு அகதி முகாமில் ஒரே அறையில் இருந்தவர்கள். ஒருவரின் சப்பாத்தை மற்றவர் போட்டுக்கொண்டு பனிக்குள் வேலை தேடிப் போனவர்கள். பனியில் எப்படிக் கார் ஓட்டுவது என்று அண்ணைக்குக் காட்டிக்கொடுத்ததே இவர்தான். பிறகு இவர் பஸ்ஸோடு நின்றுவிட்டார். அண்ணை கார் பற்றி எல்லாம் தெரிந்த ஆளாகிவிட்டார். ரொம்மனில், ரொம்சோஸில் எங்கள் ஆட்கள் யாரும் அவரைக் கேட்காமல் கார் எடுப்பதில்லை. அவரிடம் ஒரு வெள்ளைக் கார் இருக்கிறது. அவர் சொல்லி அதே வெள்ளைக் காரை வாங்கியவர்களை எனக்கே ஏழு பேர் தெரியும்.

கடந்த சனவரியில் அவராகவே மறுபடி வந்தார்.

"தங்கச்சி, கடைக்காரனை நம்பாதேங்கோ. என்ரை காரைக் கொண்டுபோங்கோ. மச்சானை ஏத்திக்கொண்டு வந்து பாருங்கோ. பிறகு நீங்களே அதைத்தான் வாங்குவியள்."

"முந்நூறு கிலோமீட்டர் வருமே அண்ணை, போய் வர. இடையில சார்ஜ் போட வேணுமோ?"

"நானூறு ஓடும் எண்டுறன், பிறகேன் கேக்கிறியள்? பாட்டுப் போட்டுட்டு ஓடுங்கோ."

திங்கட்கிழமை மகள் கொண்டுபோய் விட்ட இவரை முதல் வெள்ளிக்கிழமை கூட்டிவரப் போனேன், போகும்போதே எனக்குப் பிடிக்கவில்லை. நூற்றுநாற்பது ஓடி முடிய, திரையில் இருநூற்று அறுபது நின்றிருக்க வேண்டும். நூற்றுப்பத்து நின்றது. நிலையத்தின் வாசலில் சார்ஜ் போடும் தூண் ஒன்றுதான். அதற்கு மேல் பனி வழிக்கும் வண்டி ஒரு மலையைக் குவித்து வைத்திருந்தது. அண்ணைக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"உது சும்மா காட்டுறது தங்கச்சி. வெளிக்கிட்டு ஓடக் கூடும்."

கூடவில்லை. பெருந்தெருவில் ஏறி, முதலாவது சார்ஜ் போடும் இடத்தில் நின்றோம். ஆறு தூணில் இரண்டு வேலை செய்யவில்லை. மற்ற நாலுக்கும் முன்னால் கார்கள் வரிசையாக நின்றன. வெளியே இருபத்தொரு பாகைக் குளிர். பின்னேரம் நாலு மணி, இருட்டிவிட்டது. வீட்டுக்கு இன்னும் நூறு கிலோமீட்டர். திரையில் ஐம்பத்தெட்டு. மறுபடி எடுத்தேன்.

"ஹீட்டரை நிப்பாட்டுங்கோ. ஐம்பது கூடும். வந்திடுவியள்."

இது உங்கள் வாயால் வந்தது, அண்ணை. கார் ஸ்பீக்கரில் வந்தது. இவரும் கேட்டார்.

ஹீட்டரை நிறுத்தினேன். இருக்கைச் சூடு மட்டும் விட்டேன். பின்சீட்டிலிருந்த போர்வையை இவரின் காலுக்கு மேல் போட்டேன். கண்ணாடி உள்பக்கமாக உறையத் தொடங்கியது. ஒரு கையால் ஓட்டி, மறுகையால் பழைய அட்டையால் சுரண்டினேன்.

"குளிருதோ?"

"இல்லை," என்றார்.

"கை?"

"சரி... சரி."

அவருக்கு என்ன தெரியும்? அந்தக் கை அவரிடம் ஒன்றும் சொல்லாது. அது மடியிலிருந்து நழுவி, கையுறையும் கழன்று, இருக்கைக்கும் கதவுக்கும் இடையில் தொங்கிக் கொண்டிருந்தது. கதவின் அடிப்பகுதி ஐஸ். விரல்கள் அதில் ஒட்டினாற்போல முக்கால் மணி நேரம் கிடந்தன. நான் தெருவையும் திரையையும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐம்பத்தெட்டு நாற்பதாகி, நாற்பது பன்னிரண்டாகியது. பன்னிரண்டில் அடுத்த சார்ஜ் போடும் இடத்துக்குள் திருப்பினேன். இவரை இறக்கக் கதவைத் திறந்தபோதுதான் அந்தக் கையைக் கண்டேன். மெழுகுதிரி நிறம். நுனி கல்லு மாதிரி.

அங்கே இருந்த கடைக்குள் தொத்திறைச்சி விற்கிற பெண் ஒரு கதிரை கொண்டுவந்து போட்டாள். நான் சட்டையைத் தூக்கி, அந்தக் கையை என் கக்கத்துக்குள் வைத்து அழுத்திக்கொண்டு அரை மணி நேரம் நின்றேன். சனம் பார்த்தது. பார்க்கட்டும். இவர் அழுதார். வலியில் அல்ல, அந்தக் கையில் வலி தெரியாது. வெட்கத்தில்.

இரண்டு விரல் நுனியில் கொப்புளம் வந்தது. பிறகு கறுத்தது. ஒரு நகம் விழுந்தது. விரல் போகாதது அதிர்ஷ்டம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். பயிற்சி நிலையத்தில் மீதி இரண்டு கிழமையையும் இவர் செய்யவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அண்ணை காரை எடுக்க வந்தார். கட்டுப் போட்ட கையைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. இவரைப் பார்த்துச் சொன்னார்:

"மச்சான், இது கார் பிழையில்லை. தங்கச்சிக்குக் கால் அமத்திற பழக்கம். நான் உன்னை ஏத்திக்கொண்டு வந்திருந்தா நூறு மிஞ்சியிருக்கும்."

"ஹீட்டரை நிப்பாட்டச் சொன்னது நீங்கள்," என்றேன்.

"நான் குறைக்கத்தானே சொன்னனான்."

"நிப்பாட்டுங்கோ எண்டு சொன்னனீங்கள். ஸ்பீக்கரில."

"தங்கச்சி, நீங்கள் அப்ப பதட்டத்தில இருந்தனீங்கள்."

நான் இவரைத் திரும்பிப் பார்த்தேன். இவரும் கேட்டவர்தானே. இவர் யன்னலைப் பார்த்தார். அண்ணை தேத்தண்ணி குடிக்காமல் போனார்.

அண்ணை போனபிறகு இவர் சொன்னது இது: "நீ... கொஞ்சம்... வேகம்தான்."

இருபத்திரண்டு வருடம் பஸ் ஓட்டிய மனுசன். காரில் என் பக்கத்தில் இருந்த நாள் எல்லாம் வலது காலால் இல்லாத பிரேக்கை அமத்துகிறவர். அவருக்கு அண்ணை சொன்னது பொருந்திவிட்டது. ஒரே அறையில் இருந்த சினேகிதன் பொய் சொல்லமாட்டான். மனுசி வேகமாக ஓட்டுவாள். கணக்குச் சரி.

அன்றிலிருந்து நான் சந்தேகக்காரி ஆனேன். யாருடைய கார் எந்த வளவில் நிற்கிறது, எதில் வந்து எதில் போகிறார்கள் என்று பார்க்கத் தொடங்கினேன். மகள் "அம்மா, நீங்கள் பொலிஸ் வேலைக்குப் போகலாம்" என்று சிரித்தாள்.

பெப்ரவரி கடைசியில் ஒரு கலியாணம். ஒஸ்லோவில் இல்லை, வடக்கே ஐந்து மணி நேர ஓட்டம். இவர் வரவில்லை. நான் ஒரு குடும்பத்தோடு அவர்களின் வானில் போனேன். மண்டபத்துக்கு முன்னால் எங்கள் ஆட்களின் கார்களை எண்ணினேன். அண்ணையின் வெள்ளைக் கார் இல்லை. அவர் சொல்லி வாங்கிய ஏழு வெள்ளைக் காரில் ஒன்றுகூட இல்லை. ஆனால் அந்த ஏழு குடும்பமும் உள்ளே பந்தியில் இருந்தது. நான் சாப்பிட்ட கையைத் துடைத்துக்கொண்டு மண்டபத்துக்குப் பின்னால் போனேன். குப்பைத் தொட்டிகளுக்கு அப்பால், ஒருவரும் போகாத மூலையில், பழைய சாம்பல் நிற டீசல் கார் ஒன்று நின்றது. அண்ணை அதன் டிக்கியிலிருந்து மனைவியின் சேலைப் பையை எடுத்துக்கொண்டிருந்தார்.

"என்ன அண்ணை, வெள்ளைக் கார் எங்கை? வர மாட்டன் எண்டிட்டுதோ?"

பையோடு நிமிர்ந்தார். "அது... சர்வீசுக்கு விட்டிருக்கு. இது மருமோன்ரை."

"நானூறு ஓடுற காரெல்லோ. இடையில ஒருக்கா சார்ஜ் போட்டா இஞ்சை வந்திருக்குமே?"

"சர்வீஸ் எண்டுறன், தங்கச்சி."

திரும்பி வரும்போது வானை ஓட்டியவரிடம் இதைச் சொன்னேன். அவர் கெக்கட்டம் விட்டுச் சிரித்தார்.

"அக்கா, உங்களுக்குத் தெரியாதோ? அவர் தூரம் போறதெண்டா எப்பவும் மருமோன்ரை டீசல்தான். வெள்ளைக் கார் ரொம்மனில இருந்து ஸ்ட்ரோம்மன் மட்டும்தான் கண்டது."

"எல்லாருக்கும் தெரியுமோ?"

"ஓம். தெரியும்தானே."

"பிறகேன் ஒருத்தரும் சொல்லேல்லை?"

"என்னெண்டு சொல்லுறது? அவர் ஒருக்காச் சொல்லிப்போட்டார். அதைக் கேட்டு வாங்கின ஆக்களும் மற்றாக்களுக்கு நானூறு எண்டு சொல்லிப்போட்டினம். இனி ஆர் முதல்ல குறைக்கிறது?"

இதுதான் நடந்தது. ஒருவர் ஒரு எண்ணைச் சொல்கிறார். இரண்டாவது ஆள் அதைவிடக் குறையச் சொன்னால் தான் ஏமாந்தவன் என்று ஆகிவிடும். ஆகவே அவரும் அதையே சொல்கிறார். இப்படியே ஏழு பேர். எட்டாவதாக வாங்க நின்றவள் நான். அந்த எண்ணின் விலையை இவரின் இரண்டு விரல் கொடுத்தது.

இவரிடம் வந்து டீசலைப் பற்றிச் சொன்னேன். நம்பவில்லை. "சர்வீஸ்... இருக்கும்" என்றார்.

இனி என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அண்ணை சொல்வார்.

இந்த ஒக்டோபரில் நீலக் காரை விற்க விளம்பரம் போட்டேன். தமிழ்நாட்டிலிருந்து வந்து ஏதோ கம்ப்யூட்டர் கம்பனியில் வேலை செய்கிற ஒரு பிள்ளை பார்க்க வந்தாள். புதிதாக லைசன்ஸ் எடுத்தவள். இவர் காற்று வாங்க இறங்கி வந்து, காரின் முன்சீட்டில் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு இருந்தார். அவள் காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"நல்லா மெயிண்டெய்ன் பண்ணியிருக்கீங்கக்கா. விண்டர்ல எவ்ளோ போகும்?"

"இருநூறு," என்றேன்.

யோசிக்கவேயில்லை. கேட்ட உடனே வந்தது. எனக்கு இந்தக் காரை விற்றவர் சொன்ன அதே இருநூறு, என் வாயிலிருந்து, அதே மாதிரி. வெள்ளைக் காரின் நானூறால் அந்தக் கதி பட்ட நான், ஒன்பது மாதத்துக்குப் பிறகு, ரொம்சோஸ் வளவில் நின்றுகொண்டு இருநூறு என்கிறேன்.

"தொண்ணூறு."

சீட்டில் இருந்து இவர் சொன்னார். ஒரு சொல். நிறுத்தாமல், மூச்சு எடுக்காமல் வந்தது.

அந்தப் பிள்ளை என்னைப் பார்த்தாள், இவரைப் பார்த்தாள். நான் நிலத்தைப் பார்த்தேன்.

"தொண்ணூறா சார்?"

"ஓம். குளிரிலை... தொண்ணூறு. இவ... சும்மா... சொல்லுறா."

"பரவால்லக்கா," என்று அவள் சிரித்தாள். "எனக்கு ஆபீஸ் போயிட்டு வர முப்பத்தாறு கிலோமீட்டர்தான். தொண்ணூறு தாராளமா போதும். இருநூறுன்னு நினைச்சு எங்கயாவது போய் நின்னிருந்தா தான் கஷ்டம்."

அன்றே வாங்கினாள். இப்போதும் வளவில் காணும்போது கை காட்டுகிறாள். ஒரு பொய்யும் தேவைப்படவில்லை. அந்தக் காருக்குத் தொண்ணூறே போதுமான ஒரு ஆள் இந்த ஊரில் இருந்தாள். நான் தான் அவளைக் கேட்கவில்லை, எவ்வளவு வேண்டும் என்று.

அன்று வீட்டுக்குள் வந்து இவரிடம் சொன்னேன், "நான் பொய்தான் சொன்னனான். வெக்கமாத்தான் கிடக்கு. நான் சொல்லுவன் எண்டா அண்ணையும் சொல்லுவார்தானே?"

இவர் இல்லையென்று தலையாட்டினார்.

"நீ... வளவிலை... ஒரு ஆளுக்குச் சொன்னனி. அவன்... சபையிலை வைச்சு... கேட்டா... பொய் சொல்ல மாட்டான்."

இதுதான் இவருடைய முடிவான பேச்சு. சபையில் வைத்துக் கேட்டால் அண்ணை பொய் சொல்லமாட்டார்.

அடுத்த கிழமை பயிற்சி நிலையத்திலிருந்து கடிதம் வந்தது. சனவரியில் மறுபடியும் இடம். அந்தக் கைக்கு இனியும் காலம் பிந்தினால் பயிற்சி செய்தும் பிரயோசனம் குறைவு என்று அங்கே பயிற்சி கொடுக்கும் பிள்ளை தொலைபேசியில் என்னிடம் நேராகச் சொன்னாள். இவர் கடிதத்தை வாசித்துவிட்டு மேசையில் கவிழ்த்து வைத்தார்.

"போகேல்லை."

"ஏன்?"

"நீ ஓடி... நான்... வரமாட்டன்."

எந்தக் காராக இருந்தாலும் வரமாட்டாராம். மகள் ஓட்டினால் வருவாரோ என்று கேட்டேன். மகளுக்கு வெள்ளிக்கிழமைகளில் வேலை. அண்ணை ஓட்டினால் வருவார். அண்ணை கூப்பிடவில்லை.

கார் முடிவு பண்ணிவிட்டேன். அதைத் தெரிந்துகொள்ள ஆவலாக இருப்பவர்களுக்குச் சொல்கிறேன், பூசைக்கு முதலே சொல்கிறேன், நாவூறு படுகிறதென்றால் படட்டும். பெட்டி மாதிரி, வடிவே இல்லாத ஒரு கறுப்புக் கார். எங்கள் ஆட்கள் ஒருவரிடமும் இல்லை. சலவைப் பகுதியில் என்னோடு வேலை செய்கிற நோர்வேக்காரியிடம் இருக்கிறது. அவளிடம் கேட்டேன், குளிரில் எவ்வளவு. "இருநூற்றுமுப்பது, மைனஸ் இருபதுக்குக் கீழே போனால் இருநூறுகூட இல்லை, அப்போது நான் அதைக் கெட்ட வார்த்தையால் திட்டுவேன்" என்றாள். தன் காரைத் தானே திட்டுகிற ஆளை நான் அன்றுதான் முதன்முதலாகக் கண்டேன். ஸ்ட்ரோம்மன் பொடியனிடமும் திரும்பிப் போனேன். அது பல விஷயத்தைப் பொறுத்தது என்று மறுபடியும் சொன்னான். இந்த முறை எனக்குக் கோபம் வரவில்லை. பேப்பரை எடுத்து எல்லா விஷயத்தையும் எழுது என்றேன். எழுதினான். நிலையத்துக்குப் போய், வழியில் ஒருக்கா சார்ஜ் போட்டு, ஹீட்டரை முழுதாய் விட்டு வரலாம். வழியில் எந்த இடத்தில் எத்தனை தூண் என்றும் நானே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன், பஸ்ஸில்.

கறுப்புக் கார் டிசெம்பர் கடைசியில் வரும். காரைக் கொண்டுவந்து நிப்பாட்டுவது வரை என் வேலை. அதில் இவரை ஏற்றுவது என் கையில் இல்லை, அண்ணை. என் கால் அமத்துகிற கால் என்று இவரின் மண்டைக்குள் போட்டது நீங்கள். நான் நூறு தடவை சொல்லியும் எடுக்க முடியவில்லை. மருமகனின் டீசலைச் சொல்லியும் எடுக்க முடியவில்லை. இவர் உங்களைத்தான் நம்புகிறார். அந்த நம்பிக்கையில் ஒரு கை கிடந்து விறைக்கிறது.

நான் என் பொய்யைச் சொல்லிவிட்டேன். நீலக் கார் தொண்ணூறு, நான் இருநூறு என்றேன். இது அச்சில் வரும், எல்லார் வீட்டு மேசையிலும் கிடக்கும். நான் செத்துப்போகவில்லை.

ஒன்றுகூடலன்று ரொம்மன் மண்டபத்தில் இந்த மலரை எல்லார் கையிலும் கொடுப்பார்கள். இவரை முன்வரிசையில் கொண்டுவந்து இருத்துவேன். சாப்பாட்டுக்கு முதல், பிள்ளைகளின் நடனத்துக்கு முதல், மேடையில் மைக் இருக்கும். வழக்கமாக நீங்கள் தான் அதை முதலில் பிடிக்கிறவர். அன்றும் பிடியுங்கள். தனியாக வந்து என் காதுக்குள் மன்னிப்புக் கேட்க வேண்டாம், எனக்கு அது தேவையில்லை. இவரைப் பார்த்து, எல்லாருக்கும் கேட்கச் சொல்லுங்கள்: உங்கள் வெள்ளைக் கார் சனவரியில் உண்மையாக எத்தனை கிலோமீட்டர் ஓடியது? கலியாணத்துக்கு எந்தக் காரில் போனீர்கள்? அன்று பின்னேரம் தொலைபேசியில் ஹீட்டரை நிப்பாட்டச் சொன்னது யார்?